காணாமல் போன முந்நூறு மில்லி

அத்தியாயம் நான்கு

மதியம் ஒன்றேகாலுக்கு ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கதவு வழியாக ஒரு துப்பறியும் நிபுணரும் அவருடைய உதவியாளரும் உள்ளே நுழைந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. துப்பறியும் நிபுணர் என்று ஒருவரைச் சந்தேகிக்க வேண்டுமானால் அவர் கையில் ஒரு பூதக்கண்ணாடியாவது இருக்க வேண்டும். டீச்சரின் கையில் இருந்ததோ ஒரு குடையும் ஒரு டிபன் டப்பாவும்.

டீச்சர் முப்பது வருடம் பரீட்சை ஹாலில் காவல் நின்றவர். மாணவர்கள் செருப்புக்குள்ளும், சட்டைக் காலருக்குள்ளும், இல்லாத காயத்துக்குப் போட்ட கட்டுக்குள்ளும் ஒளித்து வந்த காகிதங்களைத் தோண்டித் தோண்டி எடுத்துப் பழகிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுத்ததால் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். உதவியாளனின் பெயர் சைரன். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பதினைந்து வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டினான். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் சத்தம் நிற்கவில்லை என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர்.

அவர்களை வரச் சொல்லியிருந்தவர் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர். நாற்பது வயதுப் பெண்மணி. 'தனித்தயாரிப்பு அறை' என்று பலகை மாட்டிய ஒரு சிறிய அறையில், தலையில் காகிதத் தொப்பியும் கண்ணில் அழுத தடமுமாக நின்றிருந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு, இந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு வாங்க."

"எனக்கு முடியே இல்லீங்களே" என்றான் சைரன்.

"வாயையும் மூடணும்" என்று முகக்கவசத்தை நீட்டினார் கம்பவுண்டர்.

டீச்சர் முதல்முறையாகப் புன்னகைத்தார். "ரெண்டு வருஷமா நான் இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

விஷயம் இதுதான். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்திக்கு வலிப்பு நோய். அதை அடக்கும் மருந்து கம்பெனியில் மாத்திரையாக மட்டுமே வருகிறது. குழந்தைக்கோ தொண்டையில் பிறவிக் கோளாறு. எதையும் விழுங்க முடியாது. சாப்பாடும் தண்ணீரும் வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாகத்தான். மாத்திரையை இடித்துக் கரைத்துக் கொடுத்துப் பார்த்ததில் குழாய் அடைத்துக்கொண்டது, குழந்தையை அறுவை சிகிச்சை அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வந்தது. அன்றிலிருந்து கம்பவுண்டர்தான் அந்தக் குழந்தைக்கென்றே அந்த மருந்தைத் திரவமாகத் தயாரித்துக் கொடுக்கிறார்.

"பதினோரு மாசம் ஒரு ஃபிட்ஸ் கூட வரலை. இந்த ரெண்டு மாசத்துல ஒன்பது தடவை வந்திருக்கு. போன வியாழக்கிழமை ஸ்கூல் படியில விழுந்து நெத்தியில நாலு தையல். எல்லாரும் என் மருந்தைத்தான் சொல்றாங்க. சாயங்காலம் நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. இந்த ரூமை இழுத்து மூடிடுவாங்க. நான் வேற எங்கயாவது வேலை தேடிக்குவேன். அந்தப் புள்ள எங்க போகும்?"

"மூட என்ன காரணம் சொல்றாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"லைசென்ஸ் இல்லாத மருந்தாம். சேர்மன் சார் இதைக் கள்ளச்சரக்குன்னே சொல்றார்."

"லைசென்ஸ் இல்லாமலா?" சைரனின் முகக்கவசம் துள்ளியது. "என் லைசென்ஸ் ஒரே ஒரு நாள் காலாவதியானதுக்கே மூணு நாள் வண்டியைத் தொட விடலையே!"

"அது வேற, இது வேற. ஊருக்கெல்லாம் ஒரே அளவுல செஞ்சு கடையில விக்கிறதுக்குத்தான் அந்த லைசென்ஸ். ஒருத்தர் உடம்புக்குக் கடைச் சட்டை எதுவும் பொருந்தலைன்னா தையல்காரர்கிட்ட அளவு கொடுத்துத் தைக்கிறோம்ல? அந்த மாதிரி. டாக்டர் ஒரு ஃபாரம் எழுதணும். நோயாளி பேரு, கடை மருந்து ஏன் சரிப்படாதுங்கிற காரணம், அளவு, கையெழுத்து. சட்டமே இடம் கொடுக்குது. பேரும் காரணமும் இல்லாம நான் ஒரு சொட்டு கூடக் கலக்க மாட்டேன்."

டீச்சர் அந்த ஃபாரங்களைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விடைத்தாள் திருத்துகிற வேகத்தில் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மாசம் முந்நூறு மில்லின்னு போய்க்கிட்டிருந்தது. ரெண்டு மாசமா அறுநூறு."

"ஆமாங்க. நரம்பு டாக்டர் எழுதியிருந்தார். அளவைக் கூட்டியிருக்கார்னு நினைச்சேன்."

"அளவைக் கூட்டினதுக்கு அப்புறம் ஃபிட்ஸ் ஜாஸ்தியாச்சா?"

கம்பவுண்டர் ஃபாரத்தை வாங்கித் தேதியைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"மருந்தை நீங்களே அம்மாகிட்ட கொடுப்பீங்களா?"

"முன்னாடி என் கையாலதான் கொடுப்பேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால சேர்மன் சார் ஒரு சுற்றறிக்கை விட்டார். 'நிர்வாகச் சீர்திருத்தம்'. எல்லா பாட்டிலும் ஸ்டோர் வழியாத்தான் போகணும்."

"சேர்மன் எப்படிப்பட்ட ஆளு?"

கம்பவுண்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "பெரிய மனுஷர். தன் வாழ்நாள்ல ஒரு நாள் கூட நோய்னு படுத்ததில்லைன்னு எல்லா மேடையிலயும் சொல்வார். ஆனா சமீபமா கொஞ்சம் அசதி. போன மாசம் 'ஊழியர்களுக்கு வேண்டியது விழிப்பு'ன்னு பேச ஆரம்பிச்சு, விழிப்புங்கிற வார்த்தையிலயே தூங்கிட்டார். எழுப்ப யாருக்கும் தைரியம் இல்லை. இருபது நிமிஷம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். கூட்டக் குறிப்புல 'தலைவர் ஆழ்ந்து சிந்தித்தார்'னு எழுதியிருக்கு."

"நான் தினமும் எட்டு மணி நேரம் சிந்திக்கிறேன். எங்க வீட்டுல யாரும் குறிப்பெடுக்கிறதில்லை" என்றான் சைரன்.

டீச்சர் கேட்டார்: "இந்த மருந்து ஃபிட்ஸுக்கு மட்டும்தானா?"

"முக நரம்பு வலிக்கும் கொடுப்பாங்க. காத்து பட்டாலே கன்னத்துல மின்சாரம் பாய்ஞ்ச மாதிரி துடிக்குமே, அந்த வலிக்கு. ஆனா அந்த நோயாளிங்க மாத்திரையாவே முழுங்கிடுவாங்க. திரவமா வாங்கறது இந்த ஊருலேயே இந்தப் புள்ள ஒருத்திதான்."

"அளவு ஜாஸ்தியானா?"

"தூங்கித் தூங்கி விழுவாங்க."

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டார்.

◆

குழந்தையின் வீடு ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில், ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தது. கடையும் குழந்தையின் அம்மாவுடையதுதான். கழுத்தில் அளவு நாடா தொங்க, வாயில் இரண்டு ஊசியோடு வரவேற்றாள். ஊசியை எடுத்ததும் கோபம் வெளியே வந்தது.

"நான் மருந்தை ஒழுங்காக் கொடுக்கலைன்னு சேர்மன் சொல்றாராம். டீச்சர், அந்தாளு ஒரு நாள் வந்து இங்க இருந்து பார்க்கட்டும். காலையில ஏழு, சாயங்காலம் ஏழு. ஒரு நிமிஷம் தவறினதில்ல."

குழந்தை நெற்றியில் பிளாஸ்திரியோடு மெஷினுக்கு அடியில் பட்டன்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். சைரனைப் பார்த்ததும் சட்டையைத் தூக்கி வயிற்றுக் குழாயைக் காட்டினாள்.

"இது என் தும்பிக்கை. உங்களுக்கு இருக்கா மாமா?"

"எனக்கு வாய்தான்மா இருக்கு."

"அது எல்லாருக்கும்தான் இருக்கு" என்று அவனை ஒதுக்கிவிட்டுப் பட்டன்களுக்குத் திரும்பினாள். சைரனை இவ்வளவு சுருக்கமாக இதுவரை யாரும் முடித்துவைத்ததில்லை.

அம்மா மருந்து பாட்டிலைக் கொண்டுவந்தாள். டீச்சர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முந்நூறு மில்லி பாட்டில். முத்து முத்தான கையெழுத்தில் லேபிள். கம்பவுண்டரின் கையெழுத்து அப்படி இருக்காது என்பதை, ஃபாரங்களின் ஓரத்தில் அவர் எழுதியிருந்த குறிப்புகளைப் பார்த்த எவரும் சொல்லிவிடலாம். அவருடையது எறும்பு மையில் விழுந்து எழுந்து போன மாதிரி இருக்கும்.

"டாக்டர் அளவைக் கூட்டச் சொன்னாரா?"

"இல்லையே. வேளைக்கு அஞ்சு மில்லி. அன்னைக்கும் அதுதான், இன்னைக்கும் அதுதான்."

"கொடுக்கறதுக்கு முன்னாடி?"

"முப்பது தடவை குலுக்குவேன். இவதான் எண்ணுவா."

"இருபத்தொன்பதுல நிறுத்தினா ஒத்துக்க மாட்டேன்" என்றது மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

படியிறங்கும்போது சைரனுக்குக் கைகள் பரபரத்தன. "டீச்சர், கேஸ் முடிஞ்சுபோச்சு. கம்பவுண்டரம்மா தயாரிக்கிறது அறுநூறு. வீட்டுக்கு வர்றது முந்நூறு. நடுவுல இருக்கிறவன் பாதியை எடுத்துக்கிட்டு மீதியில தண்ணி கலந்துட்டான். ஸ்டோர்கீப்பர். போய் அமுக்கிடலாமா?"

"திருடன் லேபிளை இவ்வளவு அழகா எழுத மாட்டான், சைரன்."

"ஏன்?"

"அவன் கை நடுங்கும். இந்தக் கையில நடுக்கமே இல்ல. இது தப்புப் பண்ணாத ஆளோட கை." டீச்சர் சாலையைக் கடந்தார். "தப்பே பண்ணாதவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கும்."

◆

ஸ்டோருக்குப் போகும் நீளத் தாழ்வாரத்தில் எதிரே ஓர் ஊர்வலம் வந்தது. நடுவில் சேர்மன். உயரம், கோட்டு, நெஞ்சை நிமிர்த்திய நடை. முன்னால் இருவர் வழி விலக்கினார்கள். பின்னால் இருவர், அவர் சொல்லப்போவதற்கு இப்போதே தலையாட்டினார்கள்.

சைரன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தான். சேர்மனின் இடது கன்னம் கண்ணாடி மாதிரி மழித்திருந்தது. வலது கன்னத்தில் ஒரு வாரத் தாடி. அதைவிட விசித்திரம், பின்னால் வந்த இருவரும் கூட வலது கன்னத்தை மட்டும் மழிக்காமல் விட்டிருந்தார்கள்.

தாழ்வாரத்து மின்விசிறிக்கு அடியில் வந்ததும் சேர்மன் கையிலிருந்த ஃபைலைக் கன்னத்துக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த இருவரும் ஃபைலை உயர்த்தினார்கள்.

"யார் நீங்க?" என்றார் சேர்மன், நிற்காமல்.

"கம்பவுண்டரம்மா தரப்புல பேச வந்திருக்கோம் சார்" என்றார் டீச்சர்.

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல. எங்க காலத்துல மாத்திரைன்னா மாத்திரை. முழுங்குன்னா முழுங்கணும். இந்தக் காலத்துப் பெத்தவங்க செல்லம் கொடுத்துத் தொண்டையைக் கெடுத்து வெச்சிருக்காங்க." ஒரு கொட்டாவி அவரை மீறி வந்தது. அதையும் ஓர் உரை போல நிறுத்தி நிதானமாக விட்டுவிட்டு நகர்ந்தார். பின்னால் வந்தவர்கள் கொட்டாவி விடுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாதித் தாடி புது ஃபேஷன் போல டீச்சர். நானும் வளர்க்கவா?"

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் கன்னம் வலிக்கலையே" என்றார் டீச்சர். சைரன் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் அவர் ஸ்டோருக்குள் நுழைந்துவிட்டார்.

ஸ்டோர்கீப்பர் ஒல்லியான மனிதர். அவருடைய மேஜையில் பேனாக்கள் உயர வரிசையில் படுத்திருந்தன. ரப்பர் ஸ்டாம்புகள் ஒரே திசை பார்த்து நின்றன. ஒளிக்க அவரிடம் எதுவும் இல்லை என்பதுதான் சைரனுக்குப் பெரிய ஏமாற்றம்.

"பிரிக்கிறேன். ஆமா. அறுநூறு வருது. முந்நூறு குழந்தைக்கு. முந்நூறு இன்னொரு இடத்துக்கு. உத்தரவு."

"எழுத்துல இருக்கா?" டீச்சர் கேட்டார்.

"வாய்மொழி."

"யார் வாய்?"

"மேலிடம்." அவர் கண்கள் கூரையை நோக்கின. சைரனும் கூரையைப் பார்த்தான். அங்கே ஒரு பல்லி மட்டுமே அதிகாரத்தில் இருந்தது.

"பேரைச் சொல்ல வேண்டாம்" என்றார் டீச்சர். "எப்படிப் பிரிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு நுணுக்கமா வேலை செய்யறவங்களைப் பார்க்கப் பிடிக்கும்."

ஸ்டோர்கீப்பர் மலர்ந்தார். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த மாச பாட்டில் இன்னைக்குத்தான் வந்துச்சு." அலமாரியைத் திறந்தார். "சும்மா ஊத்திட முடியாது மேடம். லேபிள்ல 'நன்கு குலுக்கவும்'னு போட்டிருக்கு. குலுக்குவேன். அம்பது தடவை. குலுக்கினா நுரை வரும். நுரையோட அளந்தா முந்நூறுக்குப் பதிலா இருநூத்தித் தொண்ணூறுதான் நிக்கும். பத்து மில்லி யார் தலையில எழுதறது? அதனால நுரை அடங்கற வரைக்கும் அரை மணி நேரம் அசையாம வெச்சிடுவேன். அப்புறம்தான் ஊத்துவேன். மேல இருக்கிற முந்நூறு குழந்தைக்கு. குழந்தைதானே முதல்ல? மிச்சத்தைக் கடைசிச் சொட்டு வரைக்கும் வழிச்சு இன்னொரு பாட்டில்ல. ஒரு சொட்டு வீணாகாது. பாருங்க, இது ஒண்ணே முக்காலுக்குக் குலுக்கினது."

அலமாரிக்குள் பாட்டில் நிம்மதியாக நின்றிருந்தது. நுரை இல்லை. மேல் பாதி கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி தெளிந்திருந்தது. அடியில் நான்கு விரல்கடை உயரத்துக்கு வெள்ளையாக, சுண்ணாம்பு போல மருந்து உட்கார்ந்திருந்தது.

சைரன் பாட்டிலைப் பார்த்தான். ஸ்டோர்கீப்பரைப் பார்த்தான். மறுபடி பாட்டிலைப் பார்த்தான்.

டீச்சர் அறையிலிருந்த தொலைபேசியில் கம்பவுண்டரை அழைத்தார். "இது ஏம்மா இவ்வளவு சீக்கிரம் அடியில படியுது?"

"குழந்தையோட குழாய்க்காகத்தான் டீச்சர்" என்றது கம்பவுண்டரின் குரல். "கெட்டியா செஞ்சா மருந்து படியாது, ஆனா குழாய் அடைச்சுக்கும். அதனால வேணும்னேதான் தண்ணியா செய்யறேன். குலுக்கின கையோட ஊத்தணும். அதை அந்த அம்மாகிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மூணாவது ஆள் வருவாங்கன்னு நான் எங்க கண்டேன்!"

ஸ்டோர்கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாக்களில் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "நான் ஒரு நாள் கூட அளவு தப்பினதில்லையே" என்றார் மெதுவாக. "ஒரு நாள் கூட."

"அளவு தப்பலைங்க" என்றார் டீச்சர். அவர் குரலில் கடுமை இல்லை. "அந்தப் புள்ளைக்கு அளவாத் தண்ணி போயிருக்கு. இந்த பாட்டிலை யாரும் தொடாம வைங்க. நாலு மணிக்குக் கையோட கொண்டு வாங்க. அப்படியே உங்ககிட்ட இருக்கிற சத்து மாத்திரையிலேயே ரொம்பப் பெரிசு எதுவோ அது ஒண்ணு கொடுங்க."

"டீச்சர், மேல்பாதி குழந்தைக்கு. சரி" என்றான் சைரன், வெளியே வந்ததும். "அடிப்பாதி யாருக்கோ போகுது. ரெண்டு மடங்கு காரமா. அப்ப அந்த ஆளு..."

"தூங்கி வழியணும். இந்த ஆஸ்பத்திரியில ரெண்டு மாசமா தூங்கி வழியறது யாரு?"

"டியூட்டியில இருக்கிற எல்லாருமே."

டீச்சர் குடையால் அவன் முழங்காலில் லேசாகத் தட்டினார்.

◆

நான்கு மணிக்குக் கமிட்டி அறை நிறைந்திருந்தது. நீள மேஜை. தலைப்பக்கத்தில் சேர்மன். அவருக்கு வலப்பக்கம் நரம்பு டாக்டர், அறுநூறு மில்லிக்குக் கையெழுத்துப் போட்டவர். தன் நகங்களில் ஏதோ அபூர்வ நோயைக் கண்டுபிடித்தவர் போல அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து உறுப்பினர்கள். கதவோரம் கம்பவுண்டர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா, பாட்டிலை இரு கையாலும் பிடித்தபடி ஸ்டோர்கீப்பர்.

சேர்மன் எழுந்தார். ஒரு முறை கண் சொக்கியது. மேஜையைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டார்.

"நண்பர்களே, மாத்திரை விழுங்குவது என்பது என்ன? அது ஒரு மருத்துவச் செயல் அல்ல. ஒரு மன ஒழுக்கம். ஒழுக்கம் இல்லாத தொண்டைகளுக்காகத் தனி அறை, தனி ஆள், தனி மருந்து என்று இந்த நிறுவனம் மண்டியிட வேண்டுமா? அறையை மூடும் தீர்மானத்தை முன்மொழிகிறேன்."

அம்மாவின் கை குழந்தையின் முதுகில் இறுகியது.

"அருமை சார்" என்றார் டீச்சர். எழுந்து, நேரே மேஜையின் தலைப்பக்கத்துக்கு நடந்து போய், ஒரு தட்டில் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்தார். மாத்திரை சிவப்பாக, புளியங்கொட்டை பருமனில் இருந்தது. "சத்து மாத்திரைதான். ஸ்டோர்ல இருந்து வாங்கினது. அந்தக் குழந்தைக்கு நீங்களே முழுங்கிக் காட்டிட்டீங்கன்னா, தீர்மானத்துக்கு நாங்க மறுப்பே சொல்லாம போயிடறோம்."

நரம்பு டாக்டர் நகத்திலிருந்து தலை தூக்கினார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

சேர்மன் மாத்திரையைப் பார்த்தார். மாத்திரையும் அவரைப் பார்த்தது.

"இதெல்லாம் கமிட்டியோட மாண்புக்கு..."

"ஒரு செகண்டு வேலைதானே சார்" என்றார் உறுப்பினர் ஒருவர், உண்மையான பக்தியோடு. "காட்டிடுங்க. வாய் மூடிப் போகட்டும்."

வேறு வழியில்லை. சேர்மன் மாத்திரையை எடுத்து, ராஜகளையோடு வாயில் போட்டார். தண்ணீரைக் குடித்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. நிமிர்ந்து, இரண்டு கைகளையும் விரித்துப் புன்னகைத்தார். உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

சைரன் கிளம்பத் தயாராக டீச்சரின் குடையைக் கையில் எடுத்துக்கொண்டான். போச்சு. டீச்சர் முதல் தடவையாகக் கோட்டைவிட்டுவிட்டார்.

டீச்சரோ அசையவில்லை. "ரொம்ப சந்தோஷம் சார். இப்ப அந்தத் தீர்மானத்தை இன்னொரு தடவை வாசிச்சுடுங்க."

சேர்மன் தலையசைத்தார். வாசிக்கவில்லை.

"முதல் வரி மட்டும் போதும்."

"ம்ம்ம்" என்றார் சேர்மன், கம்பீரமாக.

"முப்பது வருஷம் ஹால்ல நின்னிருக்கேன் சார். கன்னத்துல காகிதத்தை அடக்கிக்கிட்டு 'எஸ் மிஸ்' சொன்ன பசங்களை ஆயிரம் பேரைப் பார்த்திருக்கேன். துப்புங்க."

அவர் சொன்ன தொனி அப்படி. அறுபத்திரண்டு வயதில் சேர்மனின் கை தானாகவே வாய்க்கடியில் போனது. மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது. அதன் சிவப்புச் சாயம் உதட்டோரம் வழிந்து, மழித்த கன்னத்தில் கோடு போட்டது. பக்தியுள்ள உறுப்பினர் கைதட்டலை எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் மேஜைக்கடியில் மறைத்துக்கொண்டார்.

டீச்சர் குனிந்து, சேர்மனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். பக்கத்தில் நின்றதால் சைரனுக்கும் கேட்டது.

"இடது கன்னத்துல அடக்கினீங்க. வலதுல முடியாது, அங்க வலி. ஷேவ் பண்ண முடியலை, விசிறிக் காத்து ஆகலை. மாத்திரையும் இறங்கலை. உங்க நோயைப் பத்தி நான் யார்கிட்டயும் பேச மாட்டேன். அது உங்க ரகசியம். ஆனா உங்க மருந்து அந்தக் குழந்தை பேர்ல வருது சார். அது ரகசியம் இல்ல."

சேர்மன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பத்து நிமிஷம் இடைவேளை" என்றார். நாற்காலிகள் இழுபட்டு அறை காலியானது. கம்பவுண்டரையும் ஸ்டோர்கீப்பரையும் டீச்சர் நிறுத்திவைத்தார். நரம்பு டாக்டர் தப்பிக்கப் பார்த்தார். சைரன் கதவில் சாய்ந்துகொண்டான்.

"வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் டாக்டர். "ஃபாரத்துல உங்க பேரை எழுதினா என்ன சார்னு கேட்டேன்."

"எழுதினா?" சேர்மன் முதல்முறையாக மேடையிலிருந்து இறங்கிப் பேசினார். "ஒரு மாத்திரை முழுங்கத் தெரியாதவன்னு ஊரே சிரிக்கும். சின்ன வயசுல இருந்தே வராது. எங்க அப்பா அடிச்சுப் பார்த்தார், அதுக்கும் வரலை. இந்த வலி வந்தப்ப சுவத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு. குழந்தைக்குத்தான் ஏற்கெனவே செய்யறாங்களே, கூட ஒரு பங்கு செஞ்சா யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன். ஃபிட்ஸ் வந்து எல்லாரும் மருந்துக் கணக்கைக் கிளற ஆரம்பிச்சதும், என் பேரு வெளிய வந்துடும்னு பயந்துதான் ரூமையே மூடப் பார்த்தேன். ஆனா அவ பங்குல நான் ஒரு சொட்டு கூடக் குறைக்கலை."

டீச்சர் ஸ்டோர்கீப்பரிடமிருந்து பாட்டிலை வாங்கி சேர்மன் முன்னால் வைத்தார். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெள்ளை. இரண்டு வாக்கியத்தில் விளக்கினார்.

சேர்மன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, குழந்தை அம்மாவின் தோளில் பிளாஸ்திரி ஒட்டிய நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது தடவையா?" என்று கேட்டார்.

"ஒன்பது" என்றார் கம்பவுண்டர்.

இடைவேளை முடிந்து உறுப்பினர்கள் திரும்பியபோது சேர்மன் நின்றபடியே இருந்தார். தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. சுற்றறிக்கையும் ரத்து. தனித்தயாரிப்பு மருந்து இனிக் கம்பவுண்டர் கையிலிருந்து நேரே நோயாளியின் கைக்குப் போகும். "குழந்தையோட அம்மா மேல எந்தத் தவறும் இல்லை. மருந்து தயாரிச்சவங்க மேலயும் இல்லை. தவறு என்னுடையது" என்றார். இப்படி ஒரு வாக்கியத்தைக் குறிப்பில் எழுதிப் பழக்கமில்லாத எழுத்தர், இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

ஐந்தரை மணிக்குத் தனித்தயாரிப்பு அறையில் புது பாட்டில் தயாரானது. நரம்பு டாக்டர் குழந்தையை இந்த முறை நிஜமாகவே பரிசோதித்து, பழைய அளவுக்கு எப்படித் திரும்புவது என்று நாள்வாரியாக எழுதிக் கொடுத்தார். கம்பவுண்டர் லேபிளில் 'குலுக்கிய உடனே ஊற்றவும்' என்று எழுதி, 'உடனே'வுக்கு அடியில் இரண்டு கோடு போட்டார். அம்மா பாட்டிலை வாங்கித் துப்பட்டா முனையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். நன்றி என்று ஏதோ சொல்ல வந்தாள். அதற்குப் பதில் கம்பவுண்டரின் காகிதத் தொப்பியைச் சரிசெய்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றிருந்தார். சேர்மன். கூட யாரும் இல்லை.

கம்பவுண்டர் ஒரு புதிய ஃபாரத்தை நீட்டினார். "டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டார் சார். பேரும் காரணமும் உங்க வாயால கேட்டு எழுதணும்னு விட்டிருக்கார். நீங்களே எழுதிட்டாலும் சரி."

சேர்மன் பெயரை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'குரல்வளை அமைப்பின் அரிய தனித்தன்மையை முன்னிட்டு' என்று ஆரம்பித்தார். கம்பவுண்டர் 'இது வேண்டாம்' என்று தலையை அசைத்தார். சேர்மன் அதை அடித்துவிட்டு, 'மாத்திரை விழுங்க வராது' என்று எழுதிக் கொடுத்தார். முகம் சிவந்திருந்தது. ஆனாலும் பல வருடமாகத் தூக்கி வந்த பெட்டியைக் கீழே வைத்தவர் மாதிரி தோள்கள் இறங்கியிருந்தன.

வாசலில் டீச்சரின் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற சைரன், வாயைத் திறக்கப் போனான். டீச்சர் முகக்கவசத்தைக் காட்டினார். மூடிக்கொண்டான்.

சேர்மன் போகாமல் தயங்கினார். இருபக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இது ரொம்பக் கசப்பா இருக்கே. கொஞ்சம் ஆரஞ்சு வாசனை மாதிரி ஏதாவது சேர்க்க முடியுமா?"

"தாராளமாச் சேர்க்கலாம் சார்" என்றார் கம்பவுண்டர், இன்னொரு ஃபாரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தபடி. "காரணம் மட்டும் எழுதிடுங்க."

சேர்மன் பேனா மூடியை மறுபடியும் திறந்தார்.